எல்லாருக்கும் ஒரே மின்னஞ்சல்

பாகூர்ப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் எனக்கு மேலதிகாரியாக இருந்தார் அவர். ஒல்லியான உடம்பு, எப்போதும் மன்னிப்புக் கேட்பது போன்ற முகம். எந்த வேலையையும் ஊழியர் அத்தனை பேருக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புவார். அனுப்பியதும் வேலையே முடிந்ததுபோல் மடிக்கணினியை மூடிவைப்பார். 'ஆவன செய்யவும்' என்றிருக்கும். யார், எப்போது என்று இருக்காது. வேறு யாராவது செய்வார்கள் என்று எல்லாரும் சும்மா இருப்போம்.

வாய்க்கால் அடைப்பை எடுக்கச் சொன்ன மின்னஞ்சலும் அப்படித்தான் கிடந்தது. மழை பிடித்தது. ஒரு விவசாயி நனைந்தபடி வந்து நின்றார்.

"நாத்தாங்கால்ல தண்ணி நிக்குது சார். அழுவிப்போச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்? யாராண்ட சொன்னீங்க?"

"எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்பா."

விவசாயி போனதும் நான் அதிகாரியிடம் சொன்னேன்: "ஒருத்தர் பேரைப் போடுங்க சார். நாளைக்குள்ள முடிக்கணும்னும் போடுங்க."

"ஒருத்தர் பேரை மட்டும் போட்டா அவர் மனசு சங்கடப்படுமே சார்."

அன்று மதியம் வந்த மின்னஞ்சலில் முதல்முறையாக ஒரே ஒரு பெயரும் கெடுவும் இருந்தன. பெயர் என்னுடையது. ஆள் பிடித்து, மறுநாள் கரையில் குடையோடு நின்று முடித்தேன். நாற்று பிழைத்தது. அவர் என் யோசனையை ஏற்றாரா, என் வாயை அடைத்தாரா என்பது ஓய்வுபெற்ற பிறகும் எனக்கு விளங்கவில்லை.