பதினோரு கல்லறைகள்

சிலுவையைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. நான் கீழ்ப்படிந்தேன். அதுதான் வினையாகப் போயிற்று.

நான் புதுநன்மை, அதாவது கோயிலில் முதல் நற்கருணை, வாங்கிய கோடை அது, ஒன்பது வயது. அம்மாவுக்கும் மாமாவுக்கும் சிறுவயதில் ஒரே மாதிரி இரண்டு தங்கச் சிலுவைகள் செய்து போட்டிருந்தார்கள். மாமாவுடையது எப்போதும் அவர் திறந்த சட்டைக் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஆடிக்கொண்டிருக்கும். அம்மாவுடையதை எனக்குக் கட்டிவிட்டாள். அதன் முனையில் அவள் குழந்தையாய் இருந்தபோது கடித்த பல் தடம் உண்டு.

திண்டிவனத்திலிருந்து மூன்று குடும்பங்களாக மரக்காணம் கடற்கரைக்குப் போனோம். சிலுவையைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து மணலில் புதைத்தேன். அடையாளத்துக்கு மேலே மணலைக் குவித்து, இரண்டு ஐஸ் குச்சிகளைக் குறுக்கே கட்டி நட்டேன். கல்லறைத் திருநாளுக்குப் போய்ப் பழகிய பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்? ஆடிவிட்டுத் திரும்பினால் அங்கே பதினோரு கல்லறைகள். கூட வந்த பிள்ளைகள் பார்த்துப் பார்த்து ஆளுக்கொன்று கட்டியிருந்தார்கள், சிலதுக்குப் பூ வேறு. நான் மூன்றைத் தோண்டுவதற்குள் பெரிய அலை ஒன்று வந்து எல்லாவற்றையும் சமமாக்கிவிட்டுப் போனது.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அம்மா தோலை உரித்துவிடுவாள். வெறும் கறுப்பு நூலைக் கட்டிச் சட்டைக்குள் விட்டுக்கொண்டேன். ஞாயிறு பூசைக்குப் போகும்போது அதை வெளியே எடுத்துவிடுவாளே என்று நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் மாமா வந்தார். புதுச்சேரியில் ஒரு சினிமா வளாக வாசலில் வருகிறவர்களைச் சோதித்து அனுப்புவது அவர் வேலை. உலோகம் பட்டால் கத்தும் கட்டை ஒன்று அவரிடம் உண்டு. அழுதுகொண்டே அவரிடம் சொல்லிவிட்டேன். கூட்டேரிப்பட்டில் வேலை இருக்கிறது என்று அம்மாவிடம் பொய் சொல்லி, கட்டையைப் பையில் மறைத்து, என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார்.

கட்டை கத்தும்போதெல்லாம் ஓடிப்போய்த் தோண்டினேன். சோடா மூடி. ஊக்கு. வலையில் கட்டும் ஈயக்குண்டு. அந்தக் காலத்து ஓட்டைக் காசு ஒன்று. வேறொரு நாளாயிருந்தால் குதித்திருப்பேன். வெயில் உச்சிக்கு வந்தது. மாமா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தள்ளிப் போய், படகுகளின் பக்கத்தில் குனிந்தார். கட்டை கத்தியது.

“இங்க தோண்டு பாப்பா.”

ஒரு சாண் ஆழத்தில் கயிறோடு சிலுவை. நான் புதைத்தது அங்கே இல்லையே, கைக்குட்டை எங்கே என்று கேட்டேன்.

“கடல் எல்லாத்தையும் இட்டுக்கினு போவும். ஜல்தி வா, பஸ்ஸு போயிடும்.”

சாயங்காலம் தலைவாரிவிடும்போது அம்மாவின் கை சிலுவையில் பட்டது. முனையைக் கட்டைவிரலால் தடவினாள். திருப்பி இன்னொரு முறை தடவினாள். பிறகு மாமாவைப் பார்த்தாள்.

“ஏன்டா, இந்த வேக்காட்டுல கழுத்து பட்டன போட்டுக்கினு கீறே?”

“சும்மாதாங்க்கா.”

சாப்பிட உட்கார்ந்ததும் அம்மா தனக்கு வைத்திருந்த வறுத்த மீனையும் அவர் தட்டில் போட்டாள்.

எனக்கு ஒரே கொண்டாட்டம். நாலு நாள் பயம் விட்டதில் தலைகால் புரியவில்லை. வேர்த்து வழிந்த மாமாவைக் கேலி செய்து, மடியில் ஏறி, அந்தப் பட்டனைக் கழற்றப் போனேன். பளாரென்று கையில் ஓர் அடி விழுந்தது, அம்மாவிடமிருந்து. நாலு நாளாகப் பயந்த அடி. சிலுவைதான் கிடைத்துவிட்டதே, இப்போது எதற்கு அடிக்கிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.