வெள்ளவத்தைக் கரையில் தர்சினி படுத்திருந்தாள்

தர்சினி கூப்பிட்டிராவிட்டால் ஜூன் மாதத்தில் கொழும்புப் பக்கம் தலைவைத்தும் படுத்திருக்க மாட்டேன். மட்டக்களப்பிலிருந்து பஸ்ஸில் வந்து கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கினேன். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் ஈரச் சுவர். மழை விட்டபாடில்லை.

தர்சினி நிகழ்த்துகலைக் கலைஞர். மேடை வேண்டாம், வசனம் வேண்டாம், அவளுடைய உடம்பும் ஒரு நிலமும் போதும். மன்னாரில் உப்பு வெளியிலும் மூதூரில் சேற்றிலும் அசையாமல் கிடந்திருக்கிறாள். "பொம்பிளை இஞ்ச வரக்கூடாது எண்டு கோடு போட்டிருப்பினம். அந்தக் கோட்டில போய்ப் படுக்கிறதுதான் என்ர வேலை" என்பாள்.

சில மாதங்களுக்கு முன் அவளுடைய அம்மா இறந்துபோனார். தகனம் முடிந்து சாம்பலைக் கடலில் கரைக்கும் காடாத்துக்குப் பெண்கள் போவதில்லை. இவள் ஒரே பிள்ளை. இருந்தும் பெரியப்பாவின் மகன்தான் சாம்பல் முட்டியைக் கொண்டுபோனான், இவளை அவர்களுடைய வெள்ளவத்தை பிளாட் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்தச் சண்டையோடு அப்பாவுடன் பேச்சு நின்றது. பம்பலப்பிட்டியில் தோழி ஒருத்தியின் வீட்டுக்குப் போய்விட்டாள். சாம்பல் கரைத்த அதே கரையில் படுப்பதுதான் இம்முறை நிகழ்வு.

"எப்ப முடியும்?" என்று போனில் கேட்டேன்.

"அப்பா வந்து தூக்கினா எழும்புவன். அவருக்கு வொயிஸ் மெசேஜ் போட்டிருக்கிறன்."

கொட்டாஞ்சேனையிலிருந்து கோட்டை ரயில் நிலையம் கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர். ஆட்டோவுக்கு முந்நூற்றைம்பது ரூபா கொடுத்தேன். "இந்த மழைக்கு வெள்ளவத்தக் கடலுக்கா போறீங்க? கடல் சரியில்லம்மா" என்றார் ஓட்டுநர். அங்கிருந்து கரையோர ரயிலில் அரை மணித்தியாலத்துக்குள் வெள்ளவத்தை. வலது பக்கம் உட்கார்ந்தால் கடல் முழுக்கத் தெரியும். அன்று தெரிந்ததெல்லாம் சாம்பல் நிறம்தான்.

தண்டவாளத்தைக் கடந்து இறங்கினேன். தர்சினி தாயின் பருத்திச் சேலையோடு, இடுப்புவரை ஈர மணலுக்குள் புதைந்து, கண்ணை மூடிக் கிடந்தாள். அலை காதுவரை வந்து வந்து போனது. அந்தப் பம்பலப்பிட்டித் தோழி கமெராவோடு நின்றாள். மரீன் ட்ரைவில் நடக்க வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கூடினார்கள். பெரியவர் ஒருவர் குனிந்து பார்த்தார். அவளுடைய அப்பா இருக்கும் பிளாட் கட்டடத்திலேயே இருப்பவராம், பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"என்ன பிள்ளை இது?" என்று பதறினார்.

"இது பொடி ஆர்ட், அங்கிள்" என்றாள் தோழி. அந்த நேரம் பார்த்து ரயில் ஒன்று இரைந்துகொண்டு போனது, ‘ஆர்ட்’ அதில் அமுங்கிவிட்டது.

எங்கள் பேச்சில் பொடி என்றால் பிரேதம். உயிருள்ளவருக்கு அந்தச் சொல் இல்லை. ரயில் கடந்து சத்தம் அடங்கியபோது பெரியவர் போனில் கத்திக்கொண்டிருந்தார்: "அண்ணை, கெதியா வாங்கோ. மகளின்ர பொடி கடற்கரையில கிடக்குது!"

நாங்கள் விளங்கப்படுத்துவதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. திருப்பி எடுத்தார், அழைப்புப் போனதே தவிர அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை. தர்சினிக்கு எதுவும் கேட்டிருக்காது, காதெல்லாம் தண்ணீர்.

சாரமும் பொத்தான் பூட்டாத சேர்ட்டுமாக அவளுடைய அப்பா ஓடிவந்தார். தண்டவாளத்தில் இரண்டு பக்கமும் பார்க்கவில்லை. தண்ணீருக்குள் முழங்காலில் விழுந்து, "ஐயோ, என்ர பிள்ளை" என்று அவள் முகத்திலிருந்த மணலை இரண்டு கைகளாலும் துடைத்தார்.

தர்சினி கண்ணைத் திறந்தாள். சிரித்தாள். கையை நீட்டி, "தூக்குங்கோ அப்பா" என்றாள்.

அவர் தன் கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார்.

"உயிரோட இருந்துகொண்டோ இந்தக் கூத்து?"

எழுந்து சாரத்தைப் பிழிந்துவிட்டு வந்த வழியே போனார். எனக்கு அவர்மேல் ஆத்திரமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. நீட்டிய கையை அவள் நெடுநேரம் மடக்கவில்லை. கடைசியில் அலை நெஞ்சுக்கு மேல் ஏறத் தொடங்கியதும் தோழியும் நானும்தான் தோண்டித் தூக்கினோம்.

இந்தக் கரைக்குப் போக நினைப்பவர்களுக்கு: ஜூன், ஜூலையில் குளிக்க இறங்காதீர்கள். மணல்கரை ஒடுக்கம், கல்லில் பாசி. உடுப்பு மாற்ற ஓர் இடமும் கிடையாது. தண்டவாளத்தைக் கடக்கும்போது காதை நம்பாதீர்கள், கடல் இரைச்சலில் ரயில் கேட்காது. இப்படி ஒரு நிகழ்வு பார்க்கப் போனால், பார்ப்பவர்களுக்கு விளங்குகிற தமிழில் முதலே சொல்லிவிடுங்கள்.

ஸ்டேஷன் வாங்கில் துவாயைப் போர்த்துக்கொண்டு நடுங்கியபடி உட்கார்ந்திருந்தாள் தர்சினி. தோழி டிக்கெட் எடுக்கப் போயிருந்தாள். காதிலிருந்த தண்ணீரைத் தட்டிவிட்டு தர்சினி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"தூக்காட்டியும் பரவாயில்லை. என்ர வொயிஸ் மெசேஜைக் கேட்டிட்டுத்தானே அப்பிடி ஓடி வந்தவர், என்ன?"

"ஓம்" என்றேன்.