சேற்றுக் காலோடு வந்தவர்

"சாலவாக்கம் பஸ்ஸு வர்றதுக்குள்ள ஒரு புக்கு குடும்மா." நடவுச் சேறு காயாத காலோடு ஒரு பெண் என் நூலக மேசைக்கு முன் நின்றார். என் கை தானாக, புதிதாகப் படிக்கக் கற்றவர்களுக்காகப் பெரிய எழுத்தில் அச்சிட்ட மெல்லிய புத்தகத்துக்குப் போனது. அந்தச் சேற்று வாசனை என்னை நிறுத்தியது.

சின்ன வயதில் நடவு முடிந்ததும் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு இப்படித்தான் நூலகத்துக்கு வருவாள். அங்கிருந்த நூலகர் எதுவும் கேட்காமல் சமையல் புத்தகத்தை நீட்டுவார். "முந்திரி, பாதாம்னு எய்திக்கீறாங்க. நம்ம வூட்டுல இன்னா கீது?" என்று சிரித்துக்கொண்டே அதையும் கடைசிப் பக்கம்வரை படிப்பாள்.

போன வாரம் நூலகர் பயிற்சியில் சொல்லித்தந்த கேள்வியைக் கேட்டேன். "கடைசியா இன்னா படிச்சீங்கக்கா?"

"பேய்க்கதைம்மா. பயமே வரல."

இன்னும் பயங்கரமான ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

அம்மாவுக்கு எந்தக் கதை பிடிக்கும் என்று அந்த நூலகர் கேட்டதில்லை. அவள் இருந்தவரை நானும் கேட்டதில்லை.