பதில் எழுதும் வாடிக்கையாளர்

மலேசியாவில், கூலாய் நகரத் துணிக்கடை ஒன்றின் விளம்பர மின்னஞ்சல்களை நான் அனுப்பிவந்த காலம் அது. என் பட்டியலில் ரெங்கம் என்ற ஊரிலிருந்த பெரியவர் ஒருவர் மட்டும் ஒவ்வொன்றுக்கும், ‘கிடைத்தது. சாப்பிட்டாச்சாம்மா?’ என்று பதில் எழுதுவார். ‘சாப்பிட்டேன் அங்கிள்’ என்பேன்.

ஒரு தீபாவளி சமயம், பரிசு விழுந்திருப்பதாகவும் வங்கி பாஸ்வேர்டை அனுப்பும்படியும் எங்கள் கடையின் பெயரில் யாரோ மோசடி மின்னஞ்சல் அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அந்தப் பெரியவர் கடைக்கே வந்தார். ஒல்லியான உருவம், இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஹெல்மெட்.

“பாஸ்வேர்டு கொடுத்துட்டீங்களா அங்கிள்?” பதறினேன்.

“இன்னும் இல்லம்மா. அந்த மெயிலுக்கும் சாப்பிட்டாச்சான்னு கேட்டேன், பதிலே காணோம். நீ அப்படி இருக்க மாட்டியே லா! உடம்புக்கு முடியலையோன்னு பார்க்க வந்தேன்.”

இப்போது சிங்கப்பூரில் வேலை; நான் அனுப்பும் மின்னஞ்சல்கள் ‘நோ-ரிப்ளை’ முகவரியிலிருந்து போவதால் யாரும் பதில் எழுத முடியாது. மதிய வேளைகளில் அவர் நினைவு வருகிறது.