அப்பாவுக்குக் கேட்டு வாங்கிய வரிவிலக்கு

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். மலைமேல் குண்டூர் நாட்டில் எங்கள் ஊரில் கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. அறுவடை முடிந்ததும் தலைக்கட்டுக்கு ஒரு வள்ளம் அளந்து சாமை கோயிலுக்கு வரியாகக் கொடுக்க வேண்டும். மழைக்கு முன்னால் பாதை செதுக்க ஒரு நாள் மண்வெட்டியோடு போக வேண்டும். வயதாகி நிலத்தைப் பிள்ளையிடம் ஒப்படைத்தவருக்கு மட்டும் இரண்டும் கிடையாது.

அப்பாவுக்கு முழங்கால் வீங்கிப்போயிருந்தது. அந்த வருஷம் விளைச்சலும் மோசம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நானே ஊர்க்கவுண்டரிடம் போய் நிலம் இனி என் பொறுப்பு என்று அவர் வரியை நீக்கச் சொன்னேன்.

"நல்லதுதானுங்க. உங்கப்பாருக்கு இனிமே ஓய்வுதானுங்க" என்றார் அவர்.

இதைக் கேள்விப்பட்ட அன்றிலிருந்து அப்பா ஓரிடத்தில் உட்காரவில்லை. மிளகுக்கொடியைப் பார்ப்பார், பாதி வழியில் திரும்பி வருவார், வாசலில் நின்று பாதையைப் பார்ப்பார். அவர் நடக்கிற சத்தம் கேட்டால் எனக்கும் கை வேலையில் நிற்காது.

ஓடைத் தண்ணீரைப் பங்கிட ஊர் கூடியது. அப்பா எழுந்து பேசத் தொடங்கினார். என் வயதுக்காரன் ஒருவன் மரியாதையாகவே சொன்னான்: "வரி கொடுக்காதவங்க கூட்டத்துல பேசற வழக்கம் இல்லீங்க."

அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். சலுகைக்குள் இது இருப்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாளே ஊர்க்கவுண்டரிடம் ஓடினேன். "பேரை மறுபடி சேர்த்துக்குங்க. வரியை நானே கொடுத்துடறேனுங்க."

"பையன் கொடுத்தா அது பையன் வரிங்க. ஒருக்கா நீங்கினவரு மறுபடி சேரணும்னா, அவரே தனியா வெள்ளாமை பண்ணி, தனியா அடுப்பு வெச்சாத்தான் தலைக்கட்டு."

இதை அப்பாவிடம் சொல்லியிருக்கவே கூடாது. அந்த வாரமே பலா மரத்துக்கு மேற்புறச் சரிவில் தரிசாகக் கிடந்த நிலத்துண்டைக் கொத்த ஆரம்பித்தார். நான் மண்வெட்டியைப் பிடுங்கப் போனேன்.

"உடு சாமி. நீ தொட்டா உன்ற வெள்ளாமைன்னு சொல்லிப்போடுவாங்க."

தோட்டத்துக் குடிசையில் அடுப்பும் வைத்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பேரன் எடுத்த பொறகு தனி ஊடா? ஊர் சிரிக்குமுங்க!" திட்டிக்கொண்டே சட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனாள்.

மழைக்காலம் முழுக்க விடிந்ததும் மேட்டில் ஏறி, குடிசையில் புகை தெரிகிறதா என்று பார்ப்பேன். புகை தெரியாத ஒரு நாள் முள்ளில் கிழிபட்டுக்கொண்டு ஓடினேன். விறகு நனைந்திருந்ததாம். இருவரும் பழைய களியைத் தின்றுகொண்டிருந்தார்கள்.

சாமை சுமாராகத்தான் வந்தது. அப்பா ஒரு வள்ளம் சாமையைத் தானே தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோனார். நொண்டிக்கொண்டு போனவருக்குப் பத்தடி பின்னால் நான் வெறுங்கையோடு நடந்தேன். ஊர்க்கவுண்டர் அளந்து பார்த்து, "தலைக்கட்டு ஒண்ணு" என்று உரக்கச் சொன்னார்.

அடுத்த கூட்டத்தில் அப்பா ஓடையைப் பற்றிப் பேசினார். மேல் வயலுக்கு முதல் தண்ணீர் விட வேண்டும் என்றார். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, நானும் கூட எதிராகத்தான் பேசினேன். வழியெல்லாம் என்னோடு வாதாடிக்கொண்டு வந்தவர், எங்கள் வீட்டு வாசலில் நிற்காமல் தன் குடிசைக்கு ஏறிப் போனார்.