ஓராங்குட்டான் உரைக்குப் போன எஸ்டேட் அண்ணன்

மலேசியாவின் சபாவில், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டமொன்றில் என் அண்ணன் உதவி மேனேஜர். 2007 ஏப்ரலில் பத்து நாள் லீவில் லண்டன் வெஸ்ட் ஈலிங்கில் உள்ள என் வீட்டுக்கு வந்திருந்தார். வந்த இடத்திலும் நிம்மதி இல்லை. தோட்டத்தை ஒட்டிய ஆற்றோரக் காட்டுத் துண்டை அழித்துச் செம்பனை நடலாமா என்று திங்கட்கிழமைக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். ‘நடலாம்’ என்று எழுதியும் வைத்துவிட்டார். அனுப்பினால் மேனேஜர் பதவி ஏறக்குறைய உறுதி. ஆனால் இரண்டு காடுகளுக்கு நடுவே ஓராங்குட்டான் என்ற மனிதக் குரங்குகள் போய்வர இருக்கும் ஒரே வழி அந்தத் துண்டுதான். அது தெரிந்ததால் மனுஷனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தோட்டங்களுக்கு நடுவே வாழும் ஓராங்குட்டான்கள் பற்றி கேம்டனில் இலவச உரை என்று நூலகத்தில் நோட்டீஸ் பார்த்தேன்.

“என்னைத் திட்டுறதைக் கேட்கவா கூட்டிட்டுப் போற?” என்றார் அண்ணன்.

“வாயைத் திறக்காம உட்காருங்கண்ணே. யாருக்குத் தெரியப் போகுது?”

சனிக்கிழமை 12.40க்கு 207 பஸ். ஈலிங் பிராட்வேயில் பாதாள ரயில் சென்ட்ரல் லைன், டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் நார்தர்ன் லைன். கேம்டன் சந்தைக் கூட்டத்தில் முட்டிமோதி, இரண்டு மணி உரைக்கு அரங்கைச் சேர்ந்தபோது 1.55.

முப்பது பேர் இருந்திருப்பார்கள். பேசிய ஆய்வாளர் அம்மா, செம்பனை உச்சியில் ஓராங்குட்டான் கட்டிய கூட்டின் படத்தைக் காட்டி, எப்போது கட்டியதோ தெரியவில்லை என்றார். அண்ணன் கை தானாக எழுந்தது. மட்டை வாடவே இல்லை, நேற்றுக் கட்டியதாகத்தான் இருக்கும் என்று ஆங்கிலத்தில் அடித்துச் சொன்னார். எப்படித் தெரியும் என்று கேட்டதும், தோட்டத்தில் வேலை பார்ப்பதையும் சொல்லிவிட்டார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தும் பயனில்லை.

அந்த அம்மா திட்டவில்லை. கூட்டம் முடிந்ததும் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேள்விமேல் கேள்வி கேட்டார். உங்கள் தோட்டத்து ஆற்றோரம் எப்படி இருக்கும் என்றும் கேட்டார். வருஷத்துக்கு இரண்டு முறை வெள்ளம் ஏறும், செம்பனை வைத்தால் வேர் அழுகிவிடும் என்ற அண்ணன், அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“இதை நான் அறிக்கையில எழுதவே இல்லம்மா” என்றார் தமிழில்.

ஈலிங்கில் இறங்கியதும் நேரே இன்டர்நெட் கஃபே. அரை மணி நேரத்துக்கு ஒரு பவுண்டு. ‘வெள்ளம் ஏறும் நிலம், நடக்கூடாது’ என்று மாற்றி அனுப்பினார். அன்று மாலை தோசை ஐந்து உள்ளே போனது.

இப்படி ஓர் உரைக்குப் போகிறவர்கள் ஒருநாள் டிராவல்கார்டு எடுங்கள், பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் அதுவே போதும். சனிக்கிழமை என்றால் அரை மணி முன்னதாகக் கிளம்புங்கள். தோட்டத்தில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் யாராவது இருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

காட்டுத் துண்டு தப்பியது. மேனேஜர் பதவி வேறொருவருக்குப் போனது. புது மேனேஜரை முதல் நாளே அந்த ஆற்றோரத்துக்குக் கூட்டிப்போய் ஓராங்குட்டான்களின் வழியைக் காட்டியதாக அண்ணன் போனில் சொன்னார். பதவி கிடைத்திருந்தால்கூட அவர் குரலில் அவ்வளவு குஷி இருந்திருக்காது.