விரல் இல்லாத கிளி

வால்மா ட்ரெசைஸுக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். எங்கள் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். வண்டிக்குள் ஆட்டம் போடும் பிள்ளைகளைக் கோதுமை வயல் நடுவே இறக்கிவிட்டு, கொஞ்ச தூரம் போய் வண்டியை நிறுத்தி, ஓடி வந்து ஏறச் சொல்வாள். என் பிள்ளைகள் இரண்டும் அப்படி ஓடியிருக்கின்றன. தலை நரைத்த பிறகும் அவளைக் கண்டால் இருவருக்கும் முதுகு தானாக நிமிர்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கோபத்தை எல்லாம் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் காட்டினாள். வியாழக்கிழமைகளில் மாதர் சங்கக் கூடத்தில் கூடி நாங்கள் அட்டை செய்வோம். ஆளுக்கொரு பெட்டி நிறைய வண்ணக் காகிதம், ரப்பர் முத்திரை, ஜிகினாத் தூள். எங்கள் நாட்டில் கிறிஸ்துமஸ் நடுக்கோடையில் வரும்; யாராவது பனிமனிதன் முத்திரையைக் கையில் எடுத்தால் தொலைந்தார்கள்.

"வெளியில நாப்பத்திரெண்டு டிகிரி கொளுத்துது. உன் பனிமனுஷன் எந்த ஃப்ரிட்ஜுக்குள்ள குடியிருக்கான்?" என்பாள்.

அவள் செய்வது இளஞ்சிவப்புக் கொண்டைக்கிளி மட்டும். உடம்பு, சிறகு, கொண்டை, கால் என்று தனித்தனியாக வெட்டி, வண்ணம் தீட்டி, அடியில் இருபக்கமும் பசையுள்ள நுரை ஒட்டு வைத்து, வேலிக்கம்பியில் வரிசையாக உட்கார வைப்பாள். அட்டையைத் திறந்தால் கிளிகள் உங்கள் மேல் பாய வருவதுபோல் இருக்கும். அவற்றின் முகத்திலும் கோபம்தான்.

அவளுக்கு ஒரே அக்கா, நோலீன். நாற்பது மைல் தள்ளி டூனன் என்ற ஊரில் இருந்தாள். கிறிஸ்துமஸ் அன்று பிறந்ததால் அந்தப் பெயர்; நோயல் என்றால் கிறிஸ்துமஸ். பிறந்தநாளுக்கும் பண்டிகைக்கும் சேர்த்து ஒரே அட்டையை நீட்டி எல்லாரும் அவளை ஏமாற்றுவார்கள். வால்மா மட்டும் இரண்டு செய்வாள். எங்கள் பக்கத்தில் அட்டை வருவது நின்றால் உறவே நின்றது என்று பொருள். செத்த பிறகுகூடச் சிலருக்கு ஒரு வருடம் போகும்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை நோலீன் போன் செய்து, இனிமேல் கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு வரமாட்டேன் என்றாள். காரணம் சொல்லவில்லை. வால்மா போனை வைத்துவிட்டு காகிதத்தை அச்சு வைத்து வெட்டும் எந்திரத்தின் பக்கம் போனாள். பலகை, அச்சு, காகிதம், மேலே இன்னொரு பலகை என்று முறையாக அடுக்கித்தான் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். அவள் இருந்த இருப்பில் ஒரு பலகை கூடுதலாகப் போய்விட்டது. கைப்பிடி நகரவில்லை. முட்டிக்கொண்டு சுற்றினாள். டப்பென்று ஒரு சத்தம். கிளிக்காலின் அச்சு வளைந்து போயிற்று. அன்றிலிருந்து அவள் கிளிகளுக்கு இடது காலில் ஒரு விரல் கிடையாது. புது அச்சு வாங்கச் சொன்னதற்கு, "அவ பண்ணின வேலை, அப்படியே இருக்கட்டும்" என்றாள். ஆனாலும் இரண்டு அட்டைகள் டூனனுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன.

போன டிசம்பரில் டூனன் தேவாலயச் சந்தைக்கு நான்தான் அவளைக் காரில் கூட்டிப் போனேன். கேக்குகளைத் தாண்டி வாழ்த்து அட்டை மேசைக்கு வந்தோம். வால்மா ஒரு அட்டையை எடுத்தாள். ஒற்றைக் கிளி, கோணலாக ஒட்டியிருந்தது. அவள் அதன் காலைப் பார்த்தாள். அடுத்ததை எடுத்தாள். அதிலும் இடது காலில் விரல் இல்லை. திருப்பினாள். பின்பக்கம் முத்திரை: நோலீனின் கைவேலை.

பாசத்தோடு அனுப்பிய அட்டையைப் பிய்த்து, அடுத்தவள் கிளியைத் தன் பெயரில் சந்தையில் வைப்பதா? அட்டை செய்கிறவர்களிடம் இதைவிடப் பெரிய களவு இல்லை. மேசையில் இருந்த அம்மாள் வேறு, "நோலீனுக்கு என்ன கை பாத்தீங்களா!" என்று பெருமை அடித்துக்கொண்டாள்.

"பாத்தேன். இப்ப அந்தக் கையையே நேர்ல பாக்கப் போறேன்" என்றாள் வால்மா.

நேரே நோலீன் வீட்டுக்குப் போனோம். வலைக்கதவை அவள் தட்டவில்லை, குத்தினாள். உள்ளே சமையலறை மேசையில் எங்கள் வால்மாவின் அட்டைகள் கிடந்தன. அவற்றின் வேலிக்கம்பியில் பாதிக் கிளிகள் இல்லை. நோலீன் எழுந்திருக்கவில்லை.

"திருடி!" என்றாள் வால்மா. "கூடப் பொறந்தவ அனுப்பினத உரிச்சு விக்கிறியே, வெக்கமா இல்ல?"

"கத்தாத. கோயிலுக்குத்தானே குடுத்தேன்."

"எம் பேரப் போட வேண்டியதுதானே! பின்னாடி உம் முத்திரையா? என் கிளிடீ அது!"

"எனக்கு அனுப்பின அப்புறம் என் கிளி."

வால்மா மேசையில் ஓங்கி அறைந்தாள். கிளிகள் குதித்தன. அவற்றைப் பிடிக்க நோலீன் கையை நீட்டினாள். அப்போதுதான் பார்த்தோம். கை தன்பாட்டுக்கு உதறியது. அவள் அதை இன்னொரு கையால் அமுக்கினாள். அதுவும் உதறியது.

"என்னடி இது?" என்றாள் வால்மா.

"கைதான். கத்திரி பிடிக்க முடியல. கரண்டி பிடிச்சா பாதி மடியில. அதான் உன் வீட்டுச் சாப்பாட்டுக்கு வரல. போதுமா?" மேசையிலிருந்து பல் இடுக்கில் விடும் நூல் ஒன்றை எடுத்தாள். இரண்டு கையிலும் பிடித்து ஒரு கிளிக்கு அடியில் விட்டாள். நடுக்கத்திலேயே நூல் முன்னும் பின்னும் அறுத்துக்கொண்டு போய், கிளி சேதமில்லாமல் கழன்று வந்தது. "இந்த ஒரு வேலைக்குத்தான் இது தோதா இருக்கு."

"மூணு வருஷமா வாய்ல என்ன வெச்சிருந்த? சொல்லியிருந்தா நானே செஞ்சு குடுத்திருக்க மாட்டேனா?"

"அதுக்குத்தான் சொல்லல!" நோலீன் இப்போதுதான் கத்தினாள். "நீ செஞ்சு குடுக்கறது எனக்கு எதுக்கு? நான் செய்யணும். நீயே எல்லாத்தையும் ஒட்டி முடிச்சு அனுப்பிட்டா, எனக்கு வேடிக்கை பாக்கறத விட்டா என்ன வேலை? அதுவும் மூணு வருஷமா ஒரு விரல் இல்லாத கிளி!"

வால்மாவுக்கு முகம் சிவந்தது. கதவை அறைந்து சாத்திவிட்டு வந்து காரில் ஏறினாள். வழி நெடுக வயல்களைத் திட்டினாள், என் வண்டி ஓட்டத்தைத் திட்டினாள். "இனி அவளுக்கு அட்டை கிடையாது, ஜனெட். முடிஞ்சுது" என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான். எனக்கு நோலீன் மேலும் கோபம், இவள் மேலும் கோபம். இருப்பதே இரண்டு பேர், இரண்டுக்கும் இந்த வீம்பு.

அடுத்த வியாழக்கிழமை வால்மா எந்திரத்தைச் சுற்றிய சுற்றில் மேசை ஆடியது. கிளி வெட்டினாள், வண்ணம் தீட்டினாள். ஒட்டவில்லை. உடம்பு, சிறகு, கொண்டை, கால் எல்லாவற்றையும் உதிரியாக ஓர் உறையில் போட்டாள். நுரை ஒட்டுகளின் பின்தாளை ஒவ்வொன்றாக முனையில் கொஞ்சம் உரித்து, பெரிதாக மடித்துவிட்டாள். எந்த விரலும் பிடித்து இழுக்கலாம். பிறகு வெற்று அட்டையின் உள்ளே எழுதினாள்: "திருடி, நீயே ஒட்டிக்கோ."

பிறந்தநாளுக்கும் அதேபோல் ஓர் உறை போயிற்று.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் டூனனிலிருந்து அவளுக்கு ஓர் அட்டை வந்தது. எங்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டித் திட்டினாள். "சிறகப் பாருங்க, எந்தப் பக்கம் ஒட்டியிருக்கா! கொண்டை கண்ண மறைக்குது. இதுக்கு முத்திரை வேற!" கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீழே பார்த்தவள் அப்படியே நின்றாள்.

இடது காலில், இல்லாத விரல் இருந்த இடத்தில், பேனாவால் ஒரு விரல் வரைந்திருந்தது. சின்னக் கோடுதான். அந்தச் சின்னக் கோட்டுக்குள் எத்தனை நெளிவு.

"என் கிளிக்கு விரல் வெக்க இவ யாரு?" என்றாள் வால்மா. அந்த அட்டையை அவள் யாரையும் தொட விடவில்லை.